நாற்பத்திமூன்று பெயரும் ஒரு திருத்தமும்

லண்டனில் கோலியர்ஸ் வுட்டிலோ டூட்டிங்கிலோ எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்துபோனால், வீட்டார் முதலில் டொக்டருக்கும் அடுத்ததாக நகுலேஸ்வரிக்கும் போன் எடுப்பார்கள். இணையத்தில் மரண அறிவித்தல் போடவேண்டும். எந்த ஊரில் பிறந்தார், யாருக்கு மகன், யாருக்கு மருமகன், பிள்ளைகள் எந்தெந்த நாட்டில், சகோதரர்களில் இருப்பவர்கள் யார், காலஞ்சென்றவர்கள் யார், தொடர்புக்கு யாருடைய நம்பர். இவ்வளவையும் ஒரு பெயர் பிசகாமல் எழுதித்தர அந்தப் பக்கத்தில் அவரை விட்டால் ஆளில்லை.

வயது ஐம்பத்தாறு. காலையில் பள்ளிக்கூடமொன்றின் சமையலறையில் வேலை. பின்னேரம் முன்னறை மேசையில் கணினியின் முன்னால் இருப்பார். கணவர் சண்முகராசா பஸ் ஓட்டுகிறார். ஒரே மகள் தாரகா மருந்துக் கடையொன்றில் வேலை செய்கிறாள்.

"சாவீட்டுக்கு வந்து பொலிஸ்காரன் மாதிரிக் கேள்வி கேக்கிறா" என்று சிலர் முறைப்பட்டதுண்டு. முறைப்பாடு நியாயமானதுதான். அழுதுகொண்டிருக்கும் மகளிடம், "பிள்ளை, அப்பாவின்ர மூத்த தமையன் இருக்கிறாரோ, மோசம் போயிட்டாரோ?" என்று கொப்பியும் பேனையுமாகக் கேட்டுக்கொண்டு நிற்பார். கேட்காமல் விட்டால் வரும் வில்லங்கம் அவருக்குத் தெரியும். ஒருமுறை ஒரு வீட்டார், இறந்தவரின் தம்பியின் பெயரை வேண்டுமென்றே விடச் சொன்னார்கள். விட்டார். கிறிமற்றோரியத்தில், பெட்டி எரியூட்ட உள்ளே போகிற நேரம் பார்த்து, அந்தத் தம்பி அறிவித்தலைப் போனில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டு சத்தம் போட்டார். அன்றிலிருந்து, இருக்கிற ஒரு சகோதரத்தின் பெயரை விட்டு எழுதச் சொன்னால் நகுலேஸ்வரி அந்த அறிவித்தலையே எழுதமாட்டார்.

அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவர் அதிகம் கதைப்பதில்லை.

ஊரில் சண்டை முடிந்த வருடம் அவரும் குடும்பமும் ஹொலண்டிலிருந்து லண்டனுக்கு வந்து மூன்று வருடமாகியிருந்தது. ஒரே தம்பி றமணனைப் பற்றிப் பல மாதங்களாக ஒரு சொல்லும் வரவில்லை. அந்த நேரம் சின்னம்மா ஒருவர் கனடாவில் இறந்தார். அறிவித்தலை நகுலேஸ்வரிதான் எழுதினார். பெறாமக்களின் வரிசையில் தம்பியின் பெயர் வந்த இடத்தில் கை நின்றது. எல்லாரும் சொன்னார்கள், அவனை இனித் தேடவேண்டாமென்று. "காலஞ்சென்ற றமணன்" என்று அடித்தார். நான்கு மாதம் கழித்து ஒரு முகாமிலிருந்து கடிதம் வந்தது. அக்கா, நான் இருக்கிறன்.

அதற்குப் பிறகு வீட்டு அறிவித்தல்கள் எதுவானாலும் றமணனின் பெயரை அவர் முதலில் போட்டார். அடைப்புக்குறிக்குள் அவன் இருக்கும் ஊர், விசுவமடு.

றமணனை இரண்டு வருடம் தடுப்பில் வைத்திருந்துவிட்டு வெளியே விட்டார்கள். முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது கண்ட மேரிசாந்தியைக் கட்டினான். விசுவமடுவில் தண்ணீர்ப் பம்பு திருத்தும் கடை வைத்தான். ஒன்பது வயதில் ஒரு மகள். பதினைந்து வருடமாக ஒரு கூட்டத்துக்குப் போனதில்லை, ஒரு மனுவில் கையெழுத்து வைத்ததில்லை, பேஸ்புக்கில் இல்லை. அவன் போன கல்யாண வீட்டுப் படங்களில் அவன் நிற்கவேண்டிய இடத்தில் வேறு யாரோ ஒருவருடைய தோள்தான் இருக்கும்.

அவன் அப்படி இருக்கிறவரைக்கும் அவனுக்கு ஒன்றும் வராது. நகுலேஸ்வரி அதை நம்பினார். அவனும் நம்பினான்.

*

அந்த வருடம் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. புவனேந்திரன் சுயேச்சையாக நிற்கிறார் என்ற செய்தியும் வந்தது. புவனேந்திரன் சாவகச்சேரியில் டியூட்டரி நடத்தியவர். நகுலேஸ்வரி அவரிடம் கணக்குப் படித்தவர். பிறகு ஒரு தவணை பாராளுமன்றத்தில் இருந்தார், கட்சியோடு கொளுவிக்கொண்டு வெளியே வந்தார். இப்போது எழுபது வயதில், ஒரு கட்சியும் இல்லாமல், ஒரு பழைய வான் வண்டியோடு நாட்டின் தலைவர் பதவிக்கு நின்றார். "வெல்லுறதுக்கில்லை" என்று வீடியோவில் சொன்னார். "நாங்கள் எத்தனை பேர் எண்டு ஒருக்கா எழும்பி நிண்டு பாக்கிறதுக்கு."

அவருக்குக் கிடைத்த சின்னம் தையல் மெசின்.

"ஜனாதிபதி வேலை கேட்டுப் போன மனுசனுக்குத் தையல் மெசினைக் குடுத்துவிட்டிருக்கிறாங்கள்" என்று சண்முகராசா சிரித்தார்.

"நாடு கிழிஞ்சுதானே கிடக்குது. தைக்கட்டுமன்" என்றார் நகுலேஸ்வரி.

டூட்டிங்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தியாகராஜா, கடைக்கு மேலறையில் ஆதரவுக் குழு தொடங்கினார். ஞாயிறு மூன்று மணி. அரிசி மூட்டைகளைச் சுவரோடு ஒதுக்கிவிட்டு ஆறு கதிரை. லண்டனில் இருக்கிறவர்களுக்கு வாக்கு இல்லை. ஆனால் வாக்கு உள்ளவர்களின் போன் நம்பர் இவர்களிடம்தான் இருந்தது. ஊரில் இருக்கிற அக்கா, மச்சான், பெறாமக்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். அதற்கு ஒரு வேண்டுகோள் எழுதி வெளியிடுவது என்று முடிவானது.

தியாகராஜா ஒரு வரைவு எழுதி வைத்திருந்தார். கடைசியில் 'இங்ஙனம், லண்டன் வாழ் தமிழர்கள்' என்றிருந்தது.

"அண்ணை, ஆர் உந்த லண்டன் வாழ் தமிழர்?" என்று கேட்டார் நகுலேஸ்வரி.

"நாங்கள்தான் தங்கச்சி."

"நாங்கள் எண்டு ஊரில ஆருக்குத் தெரியும்? பேரைப் போடுங்கோ. வெறும் பேரும் காணாது, அதே பேரில பத்துப் பேர் இருப்பினம். எந்த ஊர், ஆற்ற பிள்ளை, ஆற்ற சகோதரம் எண்டு போட்டாத்தான், அட, எங்கட சின்னத்துரையற்ற மோள் சொல்லுறாள் எண்டு சனம் நம்பும்."

கதிரைகளில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இது நல்ல யோசனை என்று எல்லாருக்கும் பட்டது. ஏனென்றால் அவர்கள் எல்லாரும் ஒரு மனிதரை அறிவது அப்படித்தான். தெருவில் புதிதாக ஒருவரைக் கண்டால் முதல் கேள்வி எந்த ஊர், இரண்டாவது கேள்வி ஆற்ற மோன். மூன்றாவது கேள்விக்கு முன்னமே உறவு பிடித்துவிடுவார்கள்.

நகுலேஸ்வரி பெயர் சேர்க்கத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை லூயிஷாம் சிவன் கோயிலில் பூசை முடிந்து சனம் பிரசாதத்துக்கு நிற்கும்போது கொப்பியோடு போனார். அவர் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. அங்கே நின்றவர்களில் பாதிப்பேரின் வீட்டுச் சாவுக்கு அறிவித்தல் எழுதியவர் அவர்.

"பேர் போடுறதால ஒண்டும் வராதே?" என்று ஒருவர் கேட்டார்.

"என்ன வரும்? உங்கட அம்மா செத்தபோது எல்லாற்ற பேரும் ஊரும் போன் நம்பரும் இன்ரநெற்றில போட்டதுதானே. புதிசா என்னத்தைச் சொல்லப்போறம்?"

அதுவும் சரிதானே என்று அவர் பெயரைக் கொடுத்தார். மறுநாள் காலையில் போன் எடுத்து, மனைவி விரும்பவில்லை, எடுத்துவிடுங்கள் என்றார். நகுலேஸ்வரி எடுத்துவிட்டார். "பயந்த சனம்" என்று சண்முகராசாவிடம் சொன்னார்.

நாற்பத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். நாற்பத்திமூன்றாவதாகத் தன்னுடையதை எழுத உட்கார்ந்தார்.

'சரசாலையைப் பிறப்பிடமாகவும் லண்டன் கோலியர்ஸ் வுட்டை வதிவிடமாகவும் கொண்ட திருமதி நகுலேஸ்வரி சண்முகராசா. காலஞ்சென்ற சின்னத்துரை, பராசக்தி தம்பதிகளின் மகளும்...'

அந்த 'உம்' அடுத்த உறவைக் கேட்டுக்கொண்டு நின்றது. அடுத்து வரவேண்டியது சகோதரம். விரல் எழுத்துப் பலகையின் மேல் கொஞ்ச நேரம் தங்கியது. 'மகள்' என்று முடித்துப் பார்த்தார். வாசித்தார். ஒரே தம்பி உயிரோடு இருக்க, தம்பி இல்லாத ஒரு வரி. அவனை இல்லாமலாக்கிய வரி ஒன்றை அவர் முன்பும் ஒருமுறை எழுதியிருக்கிறார். கை தானாகத் திரும்பிப் போனது. 'மகளும், றமணன் (விசுவமடு) அவர்களின் அன்புச் சகோதரியும்.'

தம்பியிடம் கேட்கவில்லை. அறிவித்தலில் பெயர் போட யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

*

வேண்டுகோள் நன்றாக ஓடியது. தியாகராஜா அதைப் பேஸ்புக்கில் போட்டார். மரண அறிவித்தல் இணையத்தளமொன்றும், நகுலேஸ்வரி வழக்கமாக அனுப்புகிறவர் என்பதால், விளம்பரப் பகுதியில் போட்டது. இரண்டு நாளில் அது வட்ஸ்அப் வழியாக வல்வெட்டித்துறைக்கும் வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் போய்விட்டது. ஊரிலிருந்து ஆட்கள் எடுத்துச் சிரித்தார்கள். "என்ன, ஆரும் செத்திட்டினமோ எண்டு பயந்து வாசிச்சனாங்கள், பாத்தா எலெக்சன்." சிரித்துவிட்டு, தையல் மெசினுக்குத்தான் போடுவோம் என்றார்கள்.

அடுத்த ஞாயிறு மேலறை போதவில்லை. ஒரு மண்டபம் எடுத்தார்கள். நூறு பேருக்கு மேல் வந்தார்கள். வடையும் தேத்தண்ணியும் தியாகராஜாவின் செலவு. வாசலில் நீலத் தொப்பி போட்ட ஒருவர் நின்று உள்ளே போகிற எல்லாரையும் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நகுலேஸ்வரி அவரைத் தியாகராஜா கூட்டிவந்த ஆள் என்று நினைத்தார். தியாகராஜா அவரை நகுலேஸ்வரிக்குத் தெரிந்தவர் என்று நினைத்தார். திரும்பி வரும்போதுதான் அவர் இருவருக்குமே தெரியாத ஆள் என்று தெரியவந்தது.

"வடை நீட்டினனான், வேண்டாம் எண்டிட்டார்" என்றார் தியாகராஜா. "தேத்தண்ணியும் குடிக்கேல்லை."

"எந்த ஊராம்?"

"கேட்டனான். லண்டன் எண்டார்."

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட வேலை முடிந்து நகுலேஸ்வரி பஸ்ஸில் ஏறியபோது தம்பியின் மனைவி மேரிசாந்தியின் போன் கோல் வந்தது. அவள் அந்த நேரத்தில் எடுப்பவளல்ல.

"மச்சாள், ரெண்டு பேர் வந்தவை."

"ஆர்?"

"தெரியாது. மோட்டர்சைக்கிளில. பம்பு திருத்த எண்டுதான் வந்தவை. பம்பைக் கொண்டுவரேல்லை. ஒருத்தர் நல்ல தமிழ் கதைச்சவர். பிளாஸ்ரிக் ஃபைலுக்குள்ள ஒரு கடுதாசி வச்சிருந்தவை. உங்கட நோட்டீஸ்தான். அதில இவற்ற பேரைச் சுத்திப் பேனையால வட்டம் போட்டிருந்தது."

பஸ் கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனைத் தாண்டிப் போனது. நகுலேஸ்வரி இறங்கவில்லை.

"என்ன கேட்டவை?"

"அக்கா எலெக்சனுக்கு நல்லா உழைக்கிறா போல எண்டு கேட்டவை. நீரும் உழைக்கிறீரோ எண்டு கேட்டவை. இவர் ஒண்டும் சொல்லேல்லை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டினம். போகேக்க வீட்டுக் கேற்றைப் படம் எடுத்தவை."

"தம்பியிட்டக் குடு போனை."

"அவர் வேலை செய்யிறார் மச்சாள்." பிறகு சொன்னாள்: "ஒரு வேலையும் இல்லை. ஆனா வேலை செய்யிறார்."

அன்று பின்னேரமே நகுலேஸ்வரி டூட்டிங்குக்குப் போனார். தியாகராஜா கல்லாவில் இருந்தார். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நகுலேஸ்வரி விஷயத்தைச் சொன்னார். தியாகராஜாவின் முகம் மாறியது, பிறகு பழையபடி வந்தது.

"எடுத்துவிடுங்கோ அண்ணை, அந்த நோட்டீசை."

"என்னெண்டு தங்கச்சி எடுக்கிறது? என்ர பக்கத்தில எடுக்கலாம். சனம் பகிர்ந்ததை எடுக்கேலுமோ? அதோட, எடுத்தா லண்டன்காரர் பயந்திட்டினம் எண்டு கதை வரும். எலெக்சனுக்கு இன்னும் பதினெட்டு நாள்தான்."

"ஊரில உங்கட தமக்கை வீட்டையும் வந்தவங்களோ?"

"சீச்சீ. ஒருத்தரும் வரேல்லை."

மிக விரைவாகச் சொன்னார். அன்றிரவுக்குள் நகுலேஸ்வரி பட்டியலில் இருந்த பதினோரு பேருக்குப் போன் எடுத்தார். எல்லாரும் அதே விரைவோடு அதையே சொன்னார்கள். இருவர் சொல்லிவிட்டு உடனே போனை வைத்தார்கள்.

*

மரண அறிவித்தல் எழுதுகிறவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பெயரோ முறையோ பிழைத்துவிட்டால் அடுத்த நாள் 'திருத்தம்' என்று ஒரு சிறு பெட்டி போடுவார்கள். முன்பு வெளியான அறிவித்தலில் இன்னாரின் பெயர் தவறுதலாக இடம்பெற்றது, வருந்துகிறோம். அது வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடும். கோபித்தவர்கள் தணிவார்கள். நகுலேஸ்வரி தன் வாழ்நாளில் இருபது, இருபத்தைந்து திருத்தம் போட்டிருப்பார். ஒன்றுகூட வேலை செய்யாமல் விட்டதில்லை.

புதன்கிழமை பின்னேரம் மேசையில் உட்கார்ந்து எழுதினார்.

'திருத்தம்: ஜனாதிபதித் தேர்தல் தொடர்பான வேண்டுகோளில், திருமதி நகுலேஸ்வரி சண்முகராசாவின் உறவினராகக் குறிப்பிடப்பட்ட றமணன் (விசுவமடு) என்ற பெயர் தவறுதலாக இடம்பெற்றுவிட்டது. அவர் எமது குடும்பத்தைச் சேர்ந்தவரல்லர். தவறுக்கு வருந்துகிறோம்.'

சண்முகராசா பின்னால் நின்று வாசித்தார். பஸ் கொம்பனி உடுப்பை இன்னும் மாற்றவில்லை.

"இஞ்சரும், கொஞ்சம் பொறும். நாற்பத்திமூண்டு பேர் கிடக்க ஒருத்தன்ர பேரை மட்டும் அழிச்சா, அழிச்ச இடம்தானே கண்ணில குத்தும்?"

"அப்ப சும்மா இருக்கச் சொல்லுறியளோ?"

"சும்மா இருக்கிறதும் ஒரு வேலைதான். அவன் பதினைஞ்சு வருசமா அதைத்தானே செய்தவன்."

தாரகா படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, ஸ்கிரீன்ஷொட் எண்டு ஒரு சாமான் இருக்கு. முதல் போட்டது அப்பிடியே இருக்கும். நீங்கள் ரெண்டாவதா ஒண்டு போடுறீங்கள், அவ்வளவுதான்."

"உனக்குத் தெரியாது. திருத்தம் போட்டா முதல் போட்டது செல்லாது."

"ஆர் சொன்னது? எந்தக் கோர்ட்டில?"

நகுலேஸ்வரி 'அனுப்பு' என்பதை அழுத்தினார். மனதில் ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது. மூன்று நாளாக இழுபட்ட ஓர் அறிவித்தலையும் அன்றே எழுதி முடித்தார்.

சனிக்கிழமை றமணன் வீட்டுக்கு வந்தவர்களிடம் இரண்டு கடுதாசி இருந்தது.

இந்த முறை றமணனே போன் எடுத்தான். அவன் குரலுயர்த்திப் பேசுகிறவனல்ல. கடை வாசலில் நின்று யாரோ ஒரு வாடிக்கையாளருக்குப் பம்பின் பிழையை விளக்குகிறவன்போலச் சொன்னான்.

"மேசையில பக்கத்துப் பக்கமா வச்சாங்கள் அக்கா. ஒண்டில சகோதரி எண்டு கிடக்கு, மற்றதில குடும்பமே இல்லை எண்டு கிடக்கு. எது பொய் எண்டு கேட்டாங்கள்."

"நீ என்ன சொன்னனி?"

"ரெண்டாவது பொய் எண்டன்."

"விசரே உனக்கு! நான்தான் இல்லையெண்டு போட்டனே. ஓம், அவ ஆரோ தெரியாது எண்டிருந்தா விட்டிருப்பாங்களடா."

"பிறப்புச் சாட்சிப் பத்திரம் அவங்களிட்டக் கிடக்கு. என்னை வச்சிருந்த காலத்தில எழுதின ஃபைலிலயும் உங்கட பேர் கிடக்கு. இப்ப நான் இல்லையெண்டா, என்னத்தை ஒளிக்கிறாய் எண்டு கேப்பாங்கள். போன கிழமை வரைக்கும் நான் பம்பு திருத்துறவன். இப்ப, லண்டனில இருக்கிற தமக்கை அவசரப்பட்டு மறைக்கிற ஆள்."

நகுலேஸ்வரி போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"பேரைப் போட்டது பெரிசில்லை அக்கா. ஆற்ற பேர்தான் இல்லை? எடுத்தீங்கள் பாருங்கோ, அதுதான்." பிறகு, சிரித்தானா மூச்சு விட்டானா தெரியவில்லை. "அப்ப ஒருக்கா என்னைச் செத்தவன் எண்டு போட்டனீங்கள். இப்ப பிறக்கவே இல்லை எண்டு போட்டிருக்கிறீங்கள்."

"தம்பி..."

"வியாழக்கிழமை பட்டணத்தில ஒரு ஒஃபிசுக்கு வரட்டாம். சும்மா ஒரு வாக்குமூலமாம். நீங்கள் போன் எடுக்காதேங்கோ. வந்த பிறகு சாந்தி எடுப்பா."

*

வியாழக்கிழமை நகுலேஸ்வரி வேலைக்குப் போனார். வீட்டில் இருந்தால் விசர் பிடிக்கும். சமையலறையில் போன் கொண்டுதிரியக்கூடாது. ஏப்ரனின் பைக்குள் வைத்திருந்தார். பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு போடும்போது இரண்டு தடவை தட்டுக்கு வெளியே போட்டார். சின்னப் பெடியன் ஒருவன் நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டோடு நகர்ந்தான்.

பன்னிரண்டு நாற்பதுக்குப் பை அதிர்ந்தது. குளிரூட்டி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"வந்திட்டார் மச்சாள்."

பால் பெட்டிகளின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அடிச்சவங்களோ?"

"இல்லை. மரியாதையாத்தான் கதைச்சவையாம். ஏழு மணித்தியாலம். தாய் தேப்பன், சகோதரம், சகோதரம் கட்டினது ஆரை, பிள்ளைகள் எத்தனை, என்ன பேர், எங்க வேலை. உங்கட வீட்டு விலாசம், தாரகா வேலை செய்யிற கடை, எல்லாம் கேட்டு எழுதினவையாம். இவர் குடுத்திட்டார் மச்சாள். குடுக்காம வரேலாது."

"குடுக்கட்டும். ஆள் வந்திட்டான்தானே."

"ஓம். ஆனா முடியேல்லை. ஒவ்வொரு மாசமும் கடைசித் திங்கள் போய்க் கையெழுத்து வைக்கட்டாம். எலெக்சன் முடிஞ்சாலும் போகவேணுமாம். எவ்வளவு காலத்துக்கு எண்டு கேட்டிருக்கிறார். சொல்லுவம் எண்டவையாம்." மேரிசாந்தியின் குரல் இறங்கியது. "அவற்ற போனை வாங்கி வச்சிட்டினம். இது பக்கத்து வீட்டுப் போன். நீங்கள் இனி இந்த நம்பருக்குப் போன் எடுக்காதேங்கோ மச்சாள், கோவிக்காதேங்கோ. கையெழுத்து வச்சிட்டு வந்தவுடன நான் ஒரு மிஸ்ட் கோல் அடிப்பன். ஒரு றிங். பதிலுக்கு எடுக்காதேங்கோ. அவ்வளவுதான் ஏலும்."

தேர்தல் நடந்தது. புவனேந்திரன் தோற்றார். அவர் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வாக்கு வந்திருந்தது. அவருக்கு ஒருவராலும் ஒரு தொந்தரவும் வரவில்லை. வான் வண்டியில் திரிந்து மேடையில் பேசி நாட்டுக்கே முகம் தெரிந்த மனிதர் பத்திரமாக வீட்டில் இருந்தார். தியாகராஜாவின் மேலறையில் எல்லாரும் கூடியபோது போனில் வந்து நன்றி சொன்னார். "உங்கட அந்த நோட்டீஸ்தான் பிள்ளையள், அதுதான் சனத்தை எழுப்பினது. மாகாணசபை எலெக்சன் வருகுது. அடுத்தமுறை நூறு பேர் போடவேணும்."

சிலர் கை தட்டினார்கள். தியாகராஜா நகுலேஸ்வரியைப் பார்த்தார், பிறகு அரிசி மூட்டைகளைப் பார்த்தார்.

"சேர்" என்றார் நகுலேஸ்வரி போனுக்கு அருகில் குனிந்து. "போட்ட நாற்பத்திமூண்டு பேற்ற வீடுகளுக்கும் ஒருக்காப் போய்ப் பாருங்கோவன். ஆர் ஆர் வந்து போனவை எண்டு கேளுங்கோவன்."

"பாப்பம் பிள்ளை. கட்டாயம் பாப்பம்" என்றார் புவனேந்திரன். பிறகு போன் லைன் வெட்டுப்பட்டது. அது வெட்டுப்பட்டதா வெட்டினார்களா என்று யாரும் கேட்கவில்லை. கதிரைகளை அடுக்கினார்கள். படியில் இறங்கும்போது பின்னால் வந்த ஒரு பெண் நகுலேஸ்வரியின் கையைப் பிடித்து, "எங்கட அண்ணை வீட்டையும் வந்தவங்கள் அக்கா" என்று காதுக்குள் சொல்லிவிட்டு, முந்திக்கொண்டு இறங்கிப் போனாள்.

*

ஒக்ரோபர் கடைசித் திங்கள், நகுலேஸ்வரி வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது, காலை ஏழரைக்கு அந்த ஒற்றை றிங் வந்தது. விசுவமடுவில் மதியம் ஒரு மணி. சப்பாத்து ஒரு காலில் இருக்க, கதவடியில் நின்று அழுதார்.

நவம்பரில் பத்து இருபதுக்கு வந்தது. அங்கே நாலு மணியாகப்போகிறது. கியூவாக இருந்திருக்கும் என்றார் சண்முகராசா.

டிசம்பரில் பள்ளிக்கூட விடுமுறை. வீட்டிலேயே இருந்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஒன்றேகாலுக்கு வந்தது. அங்கே இருட்டியிருக்கும். ஒஃபிஸ் என்றால் நாலரைக்குப் பூட்டுவார்கள். ஆறே முக்கால் வரை எந்த ஒஃபிஸ் திறந்திருக்கும் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. சண்முகராசாவும் இந்த முறை காரணம் எதுவும் சொல்லவில்லை.

இடையில் இங்கேயும் சில நடந்தன. தாரகாவின் மருந்துக் கடைக்கு ஒருவர் வந்து இருமல் மருந்து கேட்டார். அவளுடைய பெயர்ப் பட்டியை வாசித்து, "விசுவமடுவில உமக்கு மாமா ஒருத்தர் இருக்கிறார் என்ன?" என்று தமிழில் கேட்டார். அவள் ஓம் என்றாள். யோசிக்காமல் வந்துவிட்ட ஓம். மருந்தை வாங்காமல் போய்விட்டார். நீலத் தொப்பியா என்று நகுலேஸ்வரி கேட்டார். தொப்பி இல்லை, நல்ல கோட் போட்டிருந்தார் என்றாள் தாரகா.

ஜனவரியில் நகுலேஸ்வரிக்கு இரண்டு அறிவித்தல் வந்தது. எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சுகமில்லை என்றார். செத்தவரின் மகன் ஒருவர் வாசலில் நின்று மன்றாடினார், வேறு யாருக்கும் இந்த முறைவரிசை எழுதத் தெரியாது என்று. "தெரியாமல் இருக்கட்டும் தம்பி" என்று கதவைச் சாத்தினார்.

இன்று ஜனவரி கடைசித் திங்கள். காலையில் வேலைக்குப் போனார். சமையலறையில் போன் பையிலிருந்தது. பத்து மணி கழிந்தது. ஒன்றேகால் கழிந்தது. மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தார். முன்னறை மேசையில் கணினியைத் தள்ளிவைத்துவிட்டுப் போனை நிமிர்த்தி வைத்தார். சண்முகராசா தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்தார். வெளியே தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. வீட்டுக்கு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இறங்கிப் போனார்.

மணி நாலு நாற்பது. விசுவமடுவில் இரவு பத்து பத்து.

"நெட்வேர்க் பிரச்சினையா இருக்கும்" என்றார் சண்முகராசா.

நகுலேஸ்வரி போனைக் கையில் எடுத்தார். நீங்கள் போன் எடுக்காதேங்கோ என்று மேரிசாந்தி சொன்ன நம்பர் திரையில் இருந்தது. கட்டைவிரலை அதன் மேல் பிடித்துக்கொண்டு நின்றார். அழுத்தவில்லை. வேலையிலிருந்து வந்தபோது போட்டிருந்த குளிர்க் கோட்டைக் கழற்றவும் இல்லை.